துளையில் விழுந்த ஐம்பொன்

“…போட்டது நான்தான் சார். சாமிக்குப் போட்டேன், உங்க ஷேர்காரங்களுக்குப் போடல. இதைத் தோட்டத்துச் சனங்க தலையில கட்டுனீங்கன்னா, நான் இப்பவே பெடாஸ் வரைக்கும் நடந்து போயி ஒவ்வொரு டீக்கடையிலயும் உக்காந்து சொல்லிட்டு வருவேன். பாத்துக்குங்க.”

இப்படிச் சொன்னவர் எங்கள் துளையிடும் இயந்திரத்துக்குப் பொறுப்பானவர். டிரில்லர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். “பேரைப் போட்டுத் தொலைக்காதே, அப்புறம் ஊர்ல உள்ள எல்லா பூமி பூஜைக்கும் என்னையத்தான் கூப்பிடுவானுங்க” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிரில் நின்றவர் எங்கள் மேனேஜர். கோலாலம்பூரிலிருந்து அன்று காலை அவரே காரோட்டி வந்திருந்தார். இடம், பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே போகிற ஒரு தோட்டம். அங்கே ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த பழைய ரப்பர் புகைக்கூடத்தை, துளையிலிருந்து வரும் கல்லையும் மண்ணையும் பெட்டிகளில் அடுக்கி வைப்பதற்காக வாடகைக்கு எடுத்திருந்தோம். சுவரெல்லாம் கரி. உள்ளே போனால் சட்டையில் புகை வாசம் ஒட்டிக்கொள்ளும். நானும் கீதா மேடமும் அங்கே நின்றுகொண்டிருந்தோம். நான் நின்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. உட்கார்ந்திருந்தேன். எதன் மேல் என்று பிறகு சொல்கிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்ணுக்குள் கனிமம் தேடும் நம் தொழிலில் துளைக்குள் உலோகம் போடுவது சின்னத் தப்பு இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து சாம்பிளில் கலந்துவிட்டு, இங்கே தங்கம் இருக்கிறது, அங்கே வெள்ளி இருக்கிறது என்று ஊரை ஏமாற்றியவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஒரு டிரில்லர் மேல் அந்தப் பெயர் விழுந்துவிட்டால், பிறகு அவரைக் கிணறு தோண்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. செனாவாங்கில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய்ப் பார்த்து, “கூரைக்குக் கீழ எனக்கு மூச்சு முட்டுதுலா” என்று திரும்பி வந்தவர். அன்றைக்கு அந்தப் புகைக்கூடத்தில் போகவிருந்தது அவருடைய பெயர்.

பெடாஸ் பக்கம் எரிமலையா என்று என்னிடம் சிரித்தவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு அங்கே இருப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனையும், குலை ஏற்றிப் போகும் லாரியும்தான். ஆனால் நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் செம்மண்ணுக்குக் கீழே, ஒரு காலத்தில் குழம்பாக ஓடி உறைந்த கல் கிடந்தது. கரும்பச்சை நிறம். ஆப்பத்தில் ஓட்டை விழுந்திருக்குமே, அந்த மாதிரி குமிழி வெடித்த ஓட்டைகள். பின்னால் ஏதோ ஒரு காலத்தில் வெந்நீர் அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து, செம்பையும் கொஞ்சம் வெள்ளியையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. தோட்டத்து ஓடையில் பச்சை பூத்த கற்கள் கிடந்தன. பாசி என்று துடைத்தால் போகாது. அதைப் பார்த்துத்தான் கம்பெனி அங்கே வந்தது.

கல்லைப் பற்றி நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. சாம்பிள் பை தூக்கப் போனேன். பக்கத்தில் நின்று கேட்டேன், கேட்டதை வீட்டில் போய் யோசித்தேன், மறுநாள் திரும்பவும் கேட்டேன். அப்படியே சாம்பிள் பொறுப்பு என் கைக்கு வந்துவிட்டது. கீதா மேடம் முறையாகப் படித்த புவியியலாளர், சிரம்பான் பக்கம் ராசாவில் பிறந்து வளர்ந்தவர். வயதில் என் மகளைவிடச் சிறியவர். நான் மேடம் என்பேன், அவர் அங்கிள் என்பார். என்ன கிடைத்தது என்கிற அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

முதல் துளை போடுவதற்கு முன் பூஜை நடந்தது. இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. மண்ணைத் தோண்டப் போகிறோம், கும்பிடாமல் எப்படித் தோண்டுவது? தோட்டத்தில் இன்னும் குடியிருந்த சில குடும்பங்கள் பொங்கல் வைத்துக் கொண்டுவந்தார்கள். இயந்திரத்துக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினோம். தேங்காய் உடைத்தது மேனேஜர். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்ததும் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. உடைத்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு டிரில்லர் அண்ணன் துளை ஆரம்பிக்கும் குழிக்குள் கொஞ்சம் பூவும், மஞ்சள் துணியில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்றும் போட்டார். எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அந்த முடிச்சுக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாமல் இல்லை. வீடு கட்டும்போது நிலைக்கு அடியில் வைப்போமே, அதுதான். ஆனால் அது அங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. காற்று இருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள், அந்த மாதிரி.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்த அன்று கீதா மேடம் மடிக்கணினியைப் பெட்டிகளின் மேல் வைத்துக்கொண்டு அதே எண்களை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். குடிக்கவில்லை.

“என்ன மேடம், ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு அங்கிள். அதான் பிரச்சினை.”

முதல் பெட்டியின் மண்ணில் செம்பும் வெள்ளியும் எக்கச்சக்கமாக வந்திருந்தன. கீழே கல்லில் வந்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மேனேஜருக்கும் அதே முடிவு அதே நேரத்தில் போய்விட்டது. அவர் பங்குதாரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ‘பெரிய செய்தி வருது’ என்று அனுப்பிவிட்டார்.

“மேல்மண்ணுல எப்படி?” என்றார் கீதா மேடம், எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல. “நம்ம ஊரு மழைக்கு செம்பு மேல நிக்காது அங்கிள். கரைஞ்சு கீழ போயிருக்கணும். சரி, ஏதோ ஒரு காரணம்னு வச்சுப்போம். இந்தக் கல்லுல ஒரு இடத்துலயும் தங்கம் வரல. ஈயம் வரல. இந்த ஒரு பையில மட்டும் தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், நாலும் ஒண்ணா வந்து உக்காந்திருக்கு.”

அவர் விரல் விட்டு நான்கையும் சொல்லச் சொல்ல என் கையும் தானாக மடங்கிக்கொண்டே வந்தது. கட்டை விரல் மிச்சம் இருந்தது.

“அஞ்சாவது இரும்பு மேடம்,” என்றேன். “செம்மண்ணுல அது தனியாத் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“ஐம்பொன்,” என்றார் மெதுவாக. “எங்க வீடு கட்டும்போது அப்பா சிரம்பான் பூஜைக் கடையில வாங்கிட்டு வந்தாரு. மஞ்சள் துணியில கட்டி.” பிறகு சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. “ஐயையோ அங்கிள், டிரில்லர் அண்ணனைக் கொன்னுடுவாங்க.”

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் இதைக் கண்டுபிடித்திருக்காது. வேறு ஊரில், வேறு ஆட்கள் கையில் இந்த எண்கள் போயிருந்தால் ஒரு புது மாதிரி கனிமம் என்று கட்டுரைகூட எழுதியிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்துவிட்டது: அண்ணன் போட்ட முடிச்சை இயந்திரம் அரைத்து முதல் பெட்டி மண்ணோடு கலந்துவிட்டிருக்கிறது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. அதிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது.

மேடம் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுநாள் காலையே மனிதர் வந்து நின்றார். பசியாறிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நல்லது நடக்கும்போது எதுக்கு மேடம் இவ்ளோ கேள்வி? ஆய்வுக்கூடம் குடுத்த எண்ணு. நீங்க எழுதுனதில்ல, நான் எழுதுனதில்ல. கையெழுத்துப் போடுங்க.”

“அது நம்ம மண்ணுல இருந்து வரல சார். பூஜைக் கடையில இருந்து வந்தது.”

“சாமிக்குப் போட்டதை சாமியே திருப்பிக் குடுத்துருச்சுன்னு வச்சுக்குங்களேன்.”

“திருப்பிக் குடுத்தா அது நமக்கு வந்த லாபம் இல்ல சார். நம்ம சாமான்தான்.”

மேனேஜர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். கம்பெனி மூடினால் எங்களுக்கும் வேலை இல்லை என்பதை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. வாயை முந்தவிட்டு நல்ல செய்தி சொல்லிவிட்டார், இப்போது அந்தச் செய்தி அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பயந்த மனிதனிடம் அதிகாரமும் இருந்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, அந்த முதல் பெட்டியை லாரியில ஏத்தச் சொல்லுங்க. மழையில நனைஞ்சு வீணாப் போச்சுன்னு சொல்லிக்கலாம்.”

அவர் கேட்டது என்ன என்று உங்களுக்கு விளங்க வேண்டும். எதையும் முழுதாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மாட்டோம். பாதி போகும், பாதி பெட்டியில் நிற்கும். சந்தேகம் வந்தால் நிற்கிற பாதியை எடுத்துத் திரும்பவும் பார்க்கலாம். அந்தப் பாதி இல்லாவிட்டால் காகிதத்தில் இருக்கும் எண்தான் கடைசி வார்த்தை. யாரும் எதையும் கேட்க முடியாது.

நான் போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

“என்னண்ணே இது? எழுந்திரிங்க.”

“முட்டி வலி சார். உக்காந்தா எழுந்திரிக்க நேரமாகும்.”

“வேலை முடியப் போற வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?”

“அதனாலதான் சார். இதுக்கு மேல என்னைய என்ன பண்ணிடுவீங்க?”

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். மரியாதையை விடாமல் மறுக்கலாம், பிள்ளைகளே. மறுப்பதற்கு மேசையைத் தட்ட வேண்டியதில்லை. நகராமல் இருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் அவமானம் இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று எழுதச் சொன்னால், அவர் யாராக இருந்தாலும், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போகட்டும். பெரும்பாலும் தூக்க மாட்டார்கள். நாம் கனமாக இருப்போம்.

அவர் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு வேறு வழியில் வந்தார்.

“சரி. உண்மையையே எழுதுவோம். அந்த டிரில்லர் வேணும்னே கலந்துட்டான், கம்பெனி கண்டுபிடிச்சு ஆளை மாத்திடுச்சு. கம்பெனி சுத்தம். முடிஞ்சுது.”

கீதா மேடம் மடிக்கணினியை மூடினார். “வேணும்னே கலக்குறவரு உங்க கையில தேங்காயைக் குடுத்துட்டா சார் கலப்பாரு? அந்த போட்டோ இன்னும் உங்க வாட்ஸ்அப்ல இருக்கு. குழி பின்னாலயே தெரியுது.”

மேனேஜருக்கு அது சுட்டது. போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவருடைய பெயரைப் பற்றிய பேச்சு அவர் இல்லாமல் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பூட்ஸ் முழுக்கச் சேறு. வாசலிலேயே நின்றார்.

மேனேஜர் அவரைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். தோளில் கை வைத்து, கனிவாகப் பேசினார். அண்ணனுக்கு எதுவும் ஆகாது, யாரும் அவரைக் குற்றம் சொல்லப் போவதில்லை. அன்றைக்குப் பொங்கல் கொண்டுவந்தார்களே, அந்தத் தோட்டத்து ஆட்களில் யாரோ விவரம் தெரியாமல் குழிக்குள் ஏதோ போட்டுவிட்டார்கள் என்று எழுதிவிடலாம். அவர்கள் எந்தக் கம்பெனிக்கும் போகப் போவதில்லை, அவர்களுக்கு என்ன நஷ்டம்? அண்ணன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அண்ணன் தோளிலிருந்த கையை எடுத்து, அது யாருடையதோ அவரிடமே திருப்பிக் கொடுப்பதுபோல் கீழே விட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். அதில் கடைசிப் பகுதியைத்தான் நான் இந்தக் கதையின் தலையில் எழுதியிருக்கிறேன்.

மேனேஜர் கொஞ்சம் பின்வாங்கினார். “அப்ப உங்க பேரைத்தான் எழுத வேண்டி வரும்.”

“எழுதுங்க சார். பேரை மட்டும் எழுதிட்டு விட்றாதீங்க. என்ன பண்ணேன்னும் எழுதுங்க. கும்பிட்டேன்னு எழுதுங்க. நீங்க பக்கத்துல நின்னு தேங்கா ஒடைச்சீங்கன்னும் எழுதுங்க.”

“இப்ப அதை எழுதி என்ன ஆவப் போவுது? யாரு நம்புவா?”

“நம்ப வேணாம். பாத்துக்கட்டும். மெஷின் நாளைக்குத்தான் வேற வேலைக்காட்டுக்குக் கெளம்புது. இன்னிக்குப் பொழுது முழுசா கிடக்கு. பழைய ஓட்டைக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு போடுறேன். மேல்மண்ணு மட்டுந்தானே, மத்தியானத்துக்குள்ள எடுத்துக் குடுத்துடுறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கல்லு ஒண்ணும் கோவிச்சுக்காது.”

கீதா மேடம் உடனே சரி என்றார். நானும் தலையாட்டினேன். மேனேஜர் எங்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னார். வாயில் வந்துவிட்டது என்று பிறகு வருத்தப்பட்டார், அது வேறு விஷயம்.

“புது ஓட்டையில நீ எதையும் போட மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

அதுவரை நீங்கள் நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்க நினைக்கிற இடம் வேறு. பக்கத்துத் துளையின் மேல்மண்ணில் ஒன்றும் இல்லை. வெறும் செம்மண். முதல் துளையில் கீழே கல்லில் செம்பும் வெள்ளியும் உண்மையாகவே இருந்தன, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சுரங்கம் போடும் அளவுக்கு இல்லை. கம்பெனி கொஞ்ச காலம் தேடிவிட்டுக் கிளம்பியது. அந்த இடத்தில் இன்றும் செம்பனைதான் நிற்கிறது. கீதா மேடம் எழுதிய அறிக்கையில் நடந்தது நடந்தபடியே இருந்தது, பூஜை, முடிச்சு, தேங்காய் எல்லாம். அதில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் கள்ளம் என்ற சொல் இல்லை. அதற்குப் பிறகும் அவர் தனக்குப் போதும் என்று தோன்றும்வரை துளை போட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து, இனி வேலையிடத்தில் பூஜை கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. அதை நாங்கள் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப் போவதில்லை. நம் சாமி தப்புச் செய்யவில்லை, குழிதான் தப்பு. அதனால் துளைக்குத் தள்ளி, மழைத்தண்ணீர் துளைப் பக்கம் அடித்துக்கொண்டு வராத இடத்தில், சாமிக்கென்று தனியாக ஒரு சின்னக் குழி வெட்டினோம். பூ, முடிச்சு, காசு, எதுவானாலும் அதில்தான். நீங்கள் வேலை பார்க்கிற இடங்களிலும் அப்படி ஒரு குழியைப் பார்த்திருப்பீர்கள். யாராவது வெட்ட வேண்டாம் என்று சொன்னால், ஏன் வெட்டுகிறோம் என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். பாதுகாப்பு விதி என்றே சொல்லுங்கள். பொய் இல்லை.

இனி அந்தப் புகைக்கூடத்துக்கு வருகிறேன். என்ன நிச்சயம் என்று மேனேஜர் கேட்டு நின்றார். அண்ணனுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், சிவந்தது. அடித்துவிடுவாரோ என்று நான் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டேன், முட்டி வலியெல்லாம் மறந்து. அவர் அடிக்கவில்லை.

மேனேஜரின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பினார். தன் மணிக்கட்டிலிருந்த செப்புக் காப்பை முறுக்கிக் கழற்றி அதில் வைத்தார். விரலில் இறுகிப்போயிருந்த வெள்ளி மோதிரத்தை எச்சில் தொட்டு உருவி வைத்தார். சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கொக்கி நீக்கி எடுத்தார். அந்தக் கை கொள்ளாததால் இன்னொரு கையையும் திறக்கச் சொல்லி அதில் சுருட்டி வைத்தார். பாக்கெட்டை வெளியே இழுத்து உதறி, விழுந்த சில்லறையைப் பொறுக்கி அதன் மேலேயே போட்டார். மேனேஜரின் போன் அடித்தது. அவரால் எடுக்க முடியவில்லை, இரண்டு கையும் நிறைந்திருந்தது.

“ஓட்டை முடியறவரைக்கும் கீழ வைக்காதீங்க சார்,” என்றார் அண்ணன். “பக்கத்துலயே நில்லுங்க.”

வெறுங்கையோடு வெளியே போனார். சேற்றைத் தாண்டி இயந்திரத்தின் மேல் ஏறி, இஞ்சினைப் போட்டார்.